இரண்டு குறை

மாதுங்கா, பம்பாய் – 19
22-8-1964

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு,

அத்திம்பேர் சந்திரமௌலி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் அக்கா வாலாம்பாளுக்கு முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்கிறது. எனக்கு வலது கண்ணில் லேசான மங்கல். மற்றபடி குறைவில்லை. உன் மனைவி சுப்புலக்ஷ்மிக்கு ஜுரம் விட்டதா?

நீ கேட்ட கிங்பின்னை இன்று ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முன்சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் ஒரு சாண் இரும்பு. அதற்காகக் குர்லாவின் பழைய இரும்புச் சந்தையான கபாடி பஜாரில் ஒன்பது நாட்களில் நாற்பத்தோரு கடைகள் ஏறி இறங்கினேன். யுத்தகாலத்து அமெரிக்க லாரி என்று சொன்னதுமே சிரிக்கிறார்கள். ஒருவன் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, "பாபா, அந்த வண்டியே உயிரோடு இருக்கா?" என்று ஹிந்தியில் துக்கம் விசாரித்தான். இறக்குமதி நின்ற பிறகு அந்தச் சாமான் ஊரிலேயே கிடையாதாம்.

கடைசியில் தாராவியில் நாகூர் மீரான் என்பவருடைய பட்டறையில் கடைந்து வாங்கினேன். கடையநல்லூர்க்காரர், உங்கள் பக்கம்தான். கடைந்து, பதம் போட்டு, கிரைண்டிங் செய்து கொடுத்தார். வண்டிப் புத்தகத்தில் உள்ளபடி குறுக்களவு ஒன்றேகால் அங்குலம், 1.250. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அளந்தேன். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா.

டிசம்பர் முடிவுக்குள் லாரி ஓடாவிட்டால் எஸ்டேட் தேயிலை லோடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாய். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. கவலை வேண்டாம். நான் ரிட்டயரான வருஷம் கொடுத்த மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்த பிறகே பொருத்தவும்.

இப்படிக்கு,
சந்திரமௌலி


தென்காசி
7-9-1964

அத்திம்பேருக்கு நமஸ்காரம். அக்காவுக்கும் சொல்லவும். சுப்புலக்ஷ்மிக்கு ஜுரம் விட்டது. எனக்கு வந்திருக்கிறது, உங்கள் பார்சலைப் பிரித்த பிறகு.

பின் அளவு 1.246. அங்குலத்தின் ஆயிரத்தில் நாலு பங்கு, அதாவது நாலு தவ் குறைவு. என் மேஸ்திரி இசக்கி இரண்டு தடவை அளந்தான், நான் ஒரு தடவை அளந்தேன். அளந்துவிட்டு இசக்கி கேட்கிறான்: "மொதலாளி, பம்பாய்ல அங்குலமும் பட்டினி கெடக்கோ?"

அறுபத்தொன்றில் லாரி லூசான பின்னோடு ஓடி விபத்தாகி, ஆரியங்காவு வளைவில் என் டிரைவர் இடுப்பு ஒடிந்து கிடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. அளவு சரியில்லாத இரும்பை வண்டிப் பக்கம் கொண்டுபோக விடமாட்டேன். "அளவு பேசட்டும், கை பேசக் கூடாது" என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தானே? முப்பது வருஷம் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவர், ஒரு கடையநல்லூரான் கொடுத்ததை அளக்கத் தெரியாமல் வாங்கி வந்திருக்கிறீர்களே.

பின்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சுந்தரராமன்


மாதுங்கா
24-9-1964

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு ஆசீர்வாதம். உன் ஜுரம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது. வாலாம்பாள் உன் கடிதத்தைப் படித்தாள். அன்று சமையலில் உப்பு கூடிவிட்டது.

நீ எழுதியது சரியாகவே இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். என் கண்ணை நான் முன்போல் நம்புவதில்லை. பின்னை எடுத்துக்கொண்டு மீரானிடம் போனேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு என் முன்னாலேயே அளந்தார். 1.250 காட்டியது. "இப்ப யாரு பொய் சொல்லுதா சாமி? நானா, இந்த இரும்பா, உங்க மச்சினரா?" என்றார். வேறொன்று செய்து தரும்படி கேட்டேன். "செய்யுதேன். ஆனா மொதப் பின்னு தப்புன்னு ஒத்துக்கிட்டுச் செய்யல, தெரிஞ்சுக்கிடுங்க" என்று சொல்லிச் செய்தார்.

இரண்டாவது பின்னை நான் மட்டும் அளந்தால் போதாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயில் பிடித்து அம்பர்நாத் போய், ஃபாக்டரிக் கருவிகளைப் பார்க்கும் டூல்ரூமில் இருக்கும் பழைய சகா ஒருவர் வீட்டில் அளந்து பார்த்தேன். அங்கும் 1.250. மூன்று பேர், மூன்று கருவிகள். அளவு மட்டும் ஒன்றே.

பார்சல் நேற்று ஏற்றினேன். தப்பாக நினைக்காதே, உன் மேஸ்திரி திருகும்போது கை இறுக்கம் கொஞ்சம் கூடினாலும் அளவு குறைவாகக் காட்டும். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
சந்திரமௌலி


தென்காசி
12-10-1964

அத்திம்பேருக்கு நமஸ்காரம். குளிர் வருகிறது. அக்கா முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அதையாவது அளக்காமல் தடவச் சொல்லுங்கள்.

இரண்டாவது பின்னும் 1.246.

இசக்கியின் கை இறுக்கமாம்! இருபது வருஷம் கியர் பெட்டி பிரித்தவனுடைய கைக்கு மாதுங்காவில் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் சொல்கிறீர்கள். கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "பெரியவருக்கு நான் மெதுவா திருகினா நாலு தவ் வளருமாமா? அப்போ திருகாமலே விட்டா ரயில் தண்டவாளமா ஆயிரும்" என்கிறான். பட்டறையே சிரித்தது.

அந்த ஆள் உங்களை நன்றாகப் பிடித்துவைத்திருக்கிறான். நீங்கள் வந்தால் ஒரு கருவி, போனால் ஒரு கருவி என்று வைத்திருப்பான். அம்பர்நாத் சகாவும் உங்கள் முகத்துக்காகச் சொல்லியிருப்பார். என்னிடம் இருப்பது நீங்களே கொடுத்த சீமைக் கருவி. அது பொய் என்றால் நீங்களும் பொய்.

இனி விவாதம் வேண்டாம். உங்கள் ஆளிடம் நாலு தவ் கூட்டிவைத்துக் கடையச் சொல்லுங்கள். 1.254 என்று அவன் கருவி காட்டட்டும், இங்கே 1.250 வரும். நவம்பர் பிறப்பதற்குள் வந்து சேர வேண்டும். தேயிலை லோடு போனால் இந்த வீட்டு அடுப்புக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சுந்தரராமன்


மாதுங்கா
27-10-1964

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு ஆசீர்வாதம். தைலம் வந்தது. வாலாம்பாள் தடவிக்கொள்கிறாள். தீபாவளிக்கு எல்லோருக்கும் எங்கள் ஆசி.

இரண்டு தடவையும் நாலு. முதலில் ஐந்து, பிறகு மூன்று என்று வந்திருந்தால் கடைந்தவருடைய கைப்பிசகு எனலாம். இரண்டு தனித்தனி இரும்புகளில் ஒரே நாலு எப்படி வரும் என்று மூன்று நாட்கள் யோசித்தேன். இது பற்றி உன்னிடம் ஒன்று கேட்கலாம் என்று எழுத ஆரம்பித்தேன். "அவனை ஏன் எப்படின்னு கேக்காதேங்கோ. ஏற்கெனவே எரிஞ்சுண்டிருக்கான்" என்று வாலாம்பாள் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி நாலு கூட்டிச் செய்த பின் இத்துடன் வருகிறது. மீரான் செய்து கொடுத்தார்.

சுத்தியலால் அடிக்காமல் நுழைந்தால் நல்லது.

இப்படிக்கு,
சந்திரமௌலி


தென்காசி
16-11-1964

அக்கா வாலாம்பாளுக்கு நமஸ்காரம். உன் ஆத்துக்காரருக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

மூன்றாவது பின் 1.250 அளந்தது. சரி என்று பொருத்தினோம். நுழையவில்லை. பின் நுழையும் அச்சின் கண்ணில் துரு இருக்கும் என்று சுரண்டினோம். எண்ணெய் விட்டோம். அளவு சரியாக இருக்கிறதே என்ற தைரியத்தில் இசக்கி எட்டு பவுண்டு சுத்தியலை எடுத்தான். பாதி வரை போனது. பிறகு ஒரு சத்தம். அச்சின் கண் மேலிருந்து கீழே வரை பிளந்துவிட்டது.

முன் அச்சு போய்விட்டது அக்கா. ஒரு பின்னுக்கே மூன்று மாதம் ஆக்கியவர் அச்சுக்கு எத்தனை வருஷம் ஆக்குவார்? எஸ்டேட் மானேஜரிடம் போய் நின்றேன். "டிசம்பர் முப்பத்தொன்று என்றால் முப்பத்தொன்றுதான் ஐயரே" என்றார்.

அந்தத் தாராவிக்காரன் வேண்டுமென்றே கோணலாகக் கடைந்திருக்கிறான். அவனை நான் சும்மா விடப்போவதில்லை. பம்பாயில் முலுண்டிலும் செம்பூரிலும் லாரி வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கும் கார்டு எழுதிவிட்டேன். கவரில் இல்லை, கார்டில். போகிற வழியெல்லாம் படிக்கட்டும்.

அத்திம்பேர் இனி எனக்கு எழுத வேண்டாம்.

சுந்தரராமன்


தாராவி
3-12-1964

மாதுங்கா சந்திரமௌலி ஐயர் சாமிக்கு நாகூர் மீரான் சலாம். அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கு? இங்க சபுராவும் பிள்ளைகளும் சுகம்.

(வாப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். வார்த்தையெல்லாம் அவருடையது. – மகள் நஸீரா)

மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவுல ஒரு ரயில் பாலம்தான். ஒரு மாசமா அதைத் தாண்ட உங்களுக்குக் கால் வரல. அதான் ஸ்டாம்பு ஒட்டுதேன்.

முலுண்டு லாரிக்காரரு போன வாரம் வந்து ஒரு கார்டை என் மேசையில போட்டாரு. "தாராவி நாகூர் மீரான் பட்டறையில் அளவு பொய், இரும்பு பொய், ஆளும் பொய்." கீழே உங்க மச்சினர் கையெழுத்து. தபால்காரன்ல இருந்து எல்லாவனும் படிச்சிருக்கான். "என்ன பாய், உம்ம அங்குலத்துக்கு எத்தன தவ்?"ன்னு டீக்கடையில கேக்கான். முலுண்டுக்காரரு குடுத்த வேலையத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. செம்பூர்க்காரரு ஆளே அனுப்பல. இருபத்தாறு வருஷம் சாமி. ஒரு இரும்பு திரும்பி வந்ததில்ல.

நான் கேக்குறது ஒண்ணுதான். மூணாவது பின்னுக்கு நாலு தவ் கூட வைக்கச் சொன்னது யாரு? "ஒன்றேகால் கண்ணுக்குள்ள இது போவாது, அடிச்சா அச்சு கிழியும்"னு சொன்னது யாரு? "அப்போ ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, செய்யுதேன்"னேன். "நாளைக்குத் தரேன்"னு பின்னை வாங்கிப் பையில போட்டிய. அந்த நாளைக்கு இன்னும் விடியல.

உங்க மச்சினர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவருக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நாகூர் மீரான்


மாதுங்கா
7-12-1964

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு ஆசீர்வாதம். எழுத வேண்டாம் என்று சொன்னாய். எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். உன் அக்கா பத்து நாளாக என்னோடு அதிகம் பேசுவதில்லை.

அக்டோபரில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். இத்துடன் ரிஜிஸ்டர் பார்சலில் ஓர் எஃகுக் கட்டை வருகிறது. மிகச் சரியாக ஓர் அங்குலம். உன்னிடம் உள்ள மைக்ரோமீட்டர் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பதற்காகவே அதனுடன் செய்யப்பட்டது. உனக்குக் கருவியைக் கொடுத்தபோது இதையும் கொடுத்திருக்க வேண்டும். நேற்று பீரோவில் தேடியபோது என் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் கிடைத்தது.

கட்டையை அளந்து, கருவி காட்டுவதை அப்படியே எழுது. அதற்கு மேல் நீங்கள் ஏதாவது கணக்குச் செய்வதாக இருந்தால் அதைத் தனியாக எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம். என்னைத் திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சந்திரமௌலி


தென்காசி
19-12-1964

அத்திம்பேருக்கு. எல்லோரும் மூச்சு விடுகிறோம்.

உங்கள் பரீட்சையை எழுதிவிட்டேன். கருவி காட்டுவது 0.998. கணக்குப்படி 0.996. ஆகவே நீங்கள் முப்பது வருஷம் பூஜை செய்த கட்டையும் நாலு தவ் குறைவு! இசக்கி விழுந்து விழுந்து சிரிக்கிறான். "பெரியவரு ஊர்ல கட்டையும் பட்டினி, பின்னும் பட்டினி."

என்ன கணக்கு என்று வேறு கேட்கிறீர்கள். உங்கள் கணக்குதான். கருவிப் பெட்டிக்குள் நீங்களே ஓர் அட்டை ஒட்டியிருக்கிறீர்கள், முத்து முத்தாக உங்கள் எழுத்து: "2 குறை. – ச. மௌ." வேறு ஒரு வார்த்தை கிடையாது. நீங்கள் குறை என்றீர்கள், நாங்கள் குறைத்தோம். நாலு வருஷமாக ஒவ்வொரு அளவிலும் இரண்டு குறைத்துத்தான் எழுதுகிறோம். உங்கள் சொல்லை நாங்கள் எப்போதாவது தட்டியது உண்டா?

லாரி செங்கல் மேல் நிற்கிறது. இன்னும் பன்னிரண்டு நாள்.

சுந்தரராமன்


மாதுங்கா
24-12-1964

சுந்தரராமனுக்கு ஆசீர்வாதம். உன் அக்கா இன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். நான் ஐந்து தடவை.

கட்டை சரியாக இருக்கிறது. பின்கள் சரியாக இருந்தன. மீரான் சரியாகச் செய்தார்.

ஃபாக்டரி மில்லிமீட்டருக்கு மாறியபோது அங்குலக் கருவிகளைக் கழித்துவிட்டார்கள். அப்படி என்னிடம் வந்த மைக்ரோமீட்டர் அது. அதில் ஒரு பிழை இருந்தது: எதை அளந்தாலும் இரண்டு தவ் குறைவாகக் காட்டும். அதைத்தான் அட்டையில் "2 குறை" என்று குறித்தேன். குறை என்றால் குறைபாடு, பெயர்ச்சொல். கருவியில் இரண்டு குறைகிறது, ஆகவே இரண்டு கூட்டிக்கொள் என்று பொருள். நீங்கள் அதை ஏவலாக வாசித்தீர்கள். குறை, அதாவது கழி. கருவி இரண்டைத் தின்றது. என் அட்டை இன்னும் இரண்டைத் தின்னச் சொன்னது. ஆக நாலு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை. எனக்கு விளங்கியது எல்லோருக்கும் விளங்கும் என்று நினைத்தேன்.

உன் மேஸ்திரி தவறு செய்யவில்லை. நீயும் செய்யவில்லை, அந்தக் கார்டுகளைத் தவிர.

என் பக்கம் எண்ணிப் பார்த்தேன். என் குறையும் இரண்டுதான். ஒன்று அந்த அட்டை. மற்றொன்று, அக்டோபரில் கருவி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உன் கோபத்துக்குப் பயந்து கேட்காமல், நீ சொன்ன தவறான அளவுக்கே ஒரு பின் செய்து வாங்கி அனுப்பினேன். மீரான் அது நுழையாது என்று சொன்னார். அதை உனக்கு எழுதாமல் மறைத்தேன்.

முலுண்டுக்கும் செம்பூருக்கும் இன்று கார்டு எழுதிவிட்டேன், கவரில் இல்லை. அதன் வாசகம்: "நாகூர் மீரான் செய்த மூன்று பின்களும் கேட்ட அளவுக்கு மிகச் சரியானவை. மூன்றாவதின் தவறான அளவைக் கேட்டவன் நான். பொய்யான அளவு அவருடையது அல்ல, என்னுடையது. சந்திரமௌலி, ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர்." இதே வாசகத்தை ஒரு சீட்டில் எழுதிப் பாலத்தைத் தாண்டிப்போய் மீரான் கையில் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். உட்காரச் சொல்லவில்லை.

உன் அச்சு போனதற்கும் தேயிலை லோடு போகப்போவதற்கும் என்னிடம் பதில் இல்லை. குர்லாவில் அச்சு தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று வரை இருபத்திரண்டு கடைகள்.

சந்திரமௌலி


தாராவி
21-1-1965

சந்திரமௌலி ஐயர் சாமிக்கு நாகூர் மீரான் சலாம். பொங்கல் கழிஞ்சிருக்கும். அம்மா நடமாடுதாங்களா? இங்க நோன்பு.

உங்க சீட்டைப் பட்டறைச் சுவத்துல ஒட்டியிருக்கேன். டீக்கடைக்காரனக் கூட்டியாந்து உரக்கப் படிக்க வச்சேன். முலுண்டுக்காரரு திங்கக்கிழமை ரெண்டு வேலை அனுப்பினாரு. "கோவமா பாய்?"ன்னாரு. வேலைய வாங்கிக்கிட்டேன். செம்பூர்க்காரரு வரல. வரமாட்டாரு. கார்டு போன வேகத்துல கார்டு திரும்பாது சாமி.

தென்காசியில இருந்து எனக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. உங்க மச்சினர் அனுப்பினது. உள்ள ஒரு வரி எழுதல. அந்த மைக்ரோமீட்டர் பெட்டியும் உங்க ஒரு அங்குலக் கட்டையும்தான். லோடு கையை விட்டுப் போச்சாம், முலுண்டுக்காரரு சொன்னாரு. உங்களுக்கு அவரு எழுதலன்னு நெனைக்கேன். இதை உங்ககிட்ட அனுப்பாம எனக்கு ஏன் அனுப்பினாருன்னு நீங்களே அளந்துக்கிடுங்க.

உங்க சீட்டைக் குடுக்கும்போது, உங்க மேல ரெண்டு குறைன்னு சொன்னிய. நான் மூணு எண்ணுதேன்.

பெட்டியைத் திறந்து உங்க அட்டையை உரிச்சேன். பசை போட்டு நல்லா ஒட்டியிருந்திய. அதுக்கு அடியில ஒரு சின்னக் குழி. குழிக்குள்ள, சீமையில இருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே, எண்ணெய்க் காகிதத்துல சுத்துன, கருவியோட அளவைச் சரிபண்ணுற ஒரு குட்டி ஸ்பேனர். கட்டையைக் கருவிக்குள்ள வச்சு, அந்த ஸ்பேனரை லேசா ஒரு திருப்பு திருப்பினேன். ரெண்டு தவ்வும் போச்சு. இப்போ அது உள்ளதை உள்ளபடி சொல்லுது. எனக்கு ஒரு பீடி பத்தவைக்கிற நேரம்கூட ஆகல.

நாகூர் மீரான்